நாற்பது நொடி நேர்மை

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றில் அளவுகோலைப் போல நேர்மையானது வேறொன்றும் இல்லை. மனிதன் பொய் சொல்லுவான், சாட்சி பிறழ்வான்; எண் பிறழாது. இதை நான் எங்கள் நிறுவனத்தின் ஆண்டு விழா மேடையில், கையில் கண்ணாடிக் கேடயத்தோடு நின்று சொன்னேன். மைக் வேலை செய்யவில்லை. முதல் வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். அவர்களும் சாப்பாட்டுக் கூடத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கேடயத்தை எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன், அம்மா. நீங்கள் விசாரணை அதிகாரி, கேட்க வேண்டியது உங்கள் வேலை. எனக்கும் இனி அவசரம் எதுவும் இல்லை.

வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தில் எனக்குப் பதினெட்டு வருட வேலை. பதவியின் பெயர் ‘வாடிக்கையாளர் அனுபவத் தர முதன்மைப் பொறுப்பாளர்’. முகவரி அட்டையில் இரண்டு வரி பிடிக்கும். வேலை என்னவோ ஒரே வரிதான்: நெரிசல் நேரத்தில் யாருடைய வேகத்தைக் குறைப்பது என்று முடிவு செய்வது. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் எல்லா வீட்டிலும் வீடியோ ஓட ஆரம்பிக்கும். எல்லோருக்கும் விற்ற வேகத்தை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கும் அளவுக்கு எங்களிடம் வசதி இருந்ததில்லை. அதனால் சில வீடுகளுக்கு உள்ளே வரும் வீடியோவை மட்டும் கொஞ்சம் பிடித்து வைப்போம். வெளியே போவதைத் தொடமாட்டோம். அந்த மட்டுக்கும் எங்களுக்கு ஒரு கண்ணியம் உண்டு.

எந்த வீடு என்பதற்கு ஒரு பட்டியல் இருந்தது. வருடத்தில் இரண்டு தடவைக்குக் குறைவாகப் புகார் செய்தவர்கள் அதில் வருவார்கள். அலுவலகத்தில் அதற்குப் பொறுமைசாலிகள் பட்டியல் என்று பெயர்.

சிக்கல் என்னவென்றால், ஜனங்கள் வேகத்தை அளக்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்கென்றே இணையதளங்கள் இருக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் முள் ஏறி எண் வந்து நிற்கும். அந்த எண்ணைப் படம் பிடித்து எங்களுக்கே அனுப்பினார்கள். அப்போதுதான் நான் ‘வரவேற்பு விதி’யை எழுதினேன். பட்டியலில் உள்ள ஒருவர் சோதனைத் தளம் எதையாவது திறந்தால், எங்கள் கருவி அதைப் பார்த்துவிட்டு அவருடைய இணைப்பை முழுதாகத் திறந்துவிடும். நாற்பது நொடி. முள் ஏறும், எண் வரும், மனிதருக்கு மனம் குளிரும். பிறகு பழையபடி பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் சோபாவில் கிடக்கும் துணியை அள்ளி உள்ளறையில் போடுகிறோம் இல்லையா, அந்த மாதிரிதான். அதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை.

சோதனைக்கு மட்டும் வழி விட்டு மற்றதைப் பிடித்து வைத்திருக்கலாம். அதை எழுத இன்னும் இரண்டு வாரம் ஆகியிருக்கும். நான்கு நாளில் வேண்டும் என்றார் எங்கள் மேலாளர். ஆகவே முழு இணைப்பையும் திறக்கும்படி எழுதிவிட்டேன். அந்தச் சோம்பல்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மேலாளருக்கு அலுவலகத்தில் ‘நூத்துக்கு நூறு’ என்று பட்டப்பெயர். அவருக்கு எல்லாமே சதவீதம். சோதனை போட்டு முழு வேகம் பார்த்த ஒவ்வொருவரையும் ‘திருப்தியடைந்த வாடிக்கையாளர்’ என்று கணக்கில் சேர்க்கலாம் என்றார். சேர்த்தோம். மூன்றே மாதத்தில் திருப்தி மலைபோல் குவிந்தது.

விதியை முதலில் எந்த வீடுகளில் போட்டுப் பார்ப்பது என்று கேள்வி வந்தது. ஊழியர்கள் வீட்டில் போடலாம், அவர்கள் புகார் செய்வதில்லை என்றேன். விதியைச் சோதிக்க அந்த வீடுகளைப் பொறுமைசாலிகள் பட்டியலிலும் சேர்க்க வேண்டும்; தாளை எடுத்து முதல் வரியில் என் வீட்டு எண்ணை எழுதினேன். நூத்துக்கு நூறு அதைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டினார்.

“பாருங்கய்யா, மனுஷன் தன் வீட்டையே முதல்ல எழுதியிருக்காரு.”

பதினெட்டு வருடத்தில் அவர் என்னை மனுஷன் என்று சொன்னது அதுதான் முதல் முறை. கேடயம் கிடைத்தது அதற்குத்தான். அதில் ‘நேர்மை’ என்று பொறித்திருக்கிறது. என் அறை அலமாரியில் வைத்தேன். தூசி தட்டும்போது அதை நகர்த்த வேண்டாம், கண்ணாடி, உடைந்துவிடும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் முன்பக்கம் மட்டும் துடைப்பாள்.

இனி என் மனைவி. அவள் பேச்சுப் பயிற்சியாளர். திக்கிப் பேசுகிறவர்களைச் சரளமாகப் பேசவைப்பது அவள் தொழில். அந்தத் தொழிலுக்குக் காதுதான் எல்லாம். பக்கத்து வீட்டில் யாரோ ஃபோன் பேசினால், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே, அவர் புதுசாகப் பல் கட்டியிருக்கிறார் என்று சொல்லுவாள். விசாரித்தால் அது உண்மையாக இருக்கும். பயிற்சி எல்லாம் வீடியோவில். பதினோரு பேர், பதினோரு ஊர். வேலை முடிந்து அவர்கள் வந்து உட்காரும் நேரம் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு. எங்கள் நெரிசல் நேரமும் அதுதான்.

பதினோரு பேரில் ஒருவர் வக்கீல். இளைஞர். படிப்பில் முதல் ஆள்; வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே கதவு சாத்திக்கொள்ளும். ஐந்து வருடமாக மூத்த வக்கீல் ஒருவருக்குப் பின்னால் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். நீதிமன்றத்தில் ஒரு நாள் தானாக எழுந்து நின்று, தன் பெயரைச் சொல்லி, ஒரு வழக்கை வாதாட வேண்டும். என் மனைவியிடம் அவர் கேட்டது அவ்வளவுதான். ஒன்றரை வருடம் வாரத்தில் மூன்று நாள் உழைத்தார்கள். நல்ல முன்னேற்றம் என்று அவள் சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவாள்.

விதி அமலுக்கு வந்த இரண்டாவது வாரம் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

“என்னங்க, படம் நின்னு நின்னு வருது. குரலும் ஒடையுது.”

“டெஸ்ட் போட்டுப் பாரேன்” என்றேன்.

போட்டாள். முள் முழுதாக ஏறியது. “நம்ம கம்பெனி லைனாச்சே, அதுல என்ன கோளாறு இருக்கப்போவுது” என்று அவளே சொல்லிக்கொண்டு போனாள். அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீடியோவைப் பிடித்து வைத்தால் குரலுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இடையில் துண்டு விழும்போது கணினி ஏதாவது செய்து இடைவெளியை நிரப்பப் பார்க்கும். அதற்குத் தெரிந்த ஒரே சமாளிப்பு, கையில் இருக்கும் துண்டையே திரும்பத் திரும்ப ஒலிப்பது. வக்கீல் தன் அறையில் ‘வழக்கு’ என்பார். என் மனைவியின் அறையில் அது ‘வ… வ… வழக்கு’ என்று வந்து சேரும். அவள் பேசுவது அவருக்குச் சுத்தமாகப் போகும். நாங்கள் பிடிப்பது உள்ளே வருவதை மட்டும்தானே. ஆகவே அந்த மனிதர் ஒரு வாக்கியத்தை எங்கும் தட்டாமல் சொல்லி முடித்துவிட்டு, திரையில் தன் ஆசிரியையின் முகம் வாடுவதைப் பார்ப்பார். “இன்னொரு தடவை சொல்லுங்க, ‘வ’ல நிக்குது” என்பாள் அவள். இன்னொரு தடவை சொல்லுவார். அவருக்குத் தன் வாயைவிட அவள் காதின்மேல் நம்பிக்கை அதிகம்.

சந்தேகம் வரும்போதெல்லாம் அவள் பயிற்சிக்கு நடுவிலேயே சோதனை போடுவாள். “ஒரு நிமிஷம் இருங்க, நெட்டைப் பாத்துக்கிறேன்” என்பாள். அந்த நாற்பது நொடியும் இணைப்பு முழுதாகத் திறந்திருக்கும். வக்கீல் சும்மா இருக்காமல் வெயிலைப் பற்றியோ பேருந்தைப் பற்றியோ ஏதாவது சொல்லுவார். அது அப்படியே, திக்காமல், வந்து சேரும். அவள் நோட்டில் குறித்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அழகான கையெழுத்து. ‘காத்திருக்கும்போது சரளம். பயிற்சியில் தடை. பரீட்சை பயமாக இருக்கலாம். இன்னும் ஆறு மாதம்.’

அந்த மாதம்தான் மூத்த வக்கீல் அவருக்கு முதல் வழக்கைக் கொடுக்க முன்வந்தார். எடுத்துக்கொள்ளலாமா என்று இளைஞர் என் மனைவியைக் கேட்டார். இப்போது வேண்டாம், சபையில் ஒரு தடவை உடைந்தால் மறுபடி ஒட்டுவது கஷ்டம் என்று அவள் தன் மனசாட்சிப்படி சொன்னாள். வழக்கு அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவருக்குப் போயிற்று.

எனக்கு எப்போது தெரியும் என்பது உங்கள் மூன்றாவது கேள்வி. அதற்கு நாள், நேரம் எல்லாம் சொல்ல முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள், அவள் ஃபோன் அடித்தது, எடுத்தேன். சாதாரணத் தொலைபேசி அழைப்பு, அது எங்கள் பாதையில் வருவதில்லை.

“சார், நான் மேடத்துக்கிட்ட படிக்கிற வக்கீல் பேசறேன். வியாழக்கிழமை கிளாசை வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்க முடியுமான்னு கேக்கணும். வழக்கு விஷயமா வெளியூர் போறேன். வழக்கு எனக்கில்ல, கட்டு தூக்கத்தான்.” அவரே சிரித்துக்கொண்டார்.

பத்து நிமிடம் பேசினோம். பிறகு பேச்சை நான்தான் நீட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வானிலை, ரயில், சட்டம் என்று என்னென்னவோ கேட்டேன். ஒரு எழுத்தில்கூட அவர் நிற்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, ‘வக்கீல் கூப்பிட்டார், வெள்ளிக்கிழமைக்கு மாற்றவேண்டுமாம்’ என்று குளியலறைக் கதவருகே சொன்னேன். “பாவம், ஃபோன்ல ரொம்ப திணறினாரா?” என்று உள்ளே இருந்து கேட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றேன்.

என் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுக்க மூன்று பொத்தான் போதும். ஆனால் எடுத்தால் எடுத்தவர் பெயரும் காரணமும் பதிவாகும். முதல் வரியில் வீட்டை எழுதிய மனுஷன் அதை அடித்தார் என்று நூத்துக்கு நூறு அடுத்த கூட்டத்தில் வாசிப்பார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். உறுதி என்றுதான் அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

அதற்காக நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. சாயங்காலம் சீக்கிரம் வீடு திரும்பும் நாட்களில், பயிற்சி நடக்கும் அறைக்கு வெளியே, நடையில் நின்றுகொள்வேன். உள்ளே அவள் “மறுபடி, மறுபடி” என்று சொல்வது கேட்கும். என் ஃபோனை அவள் இணைப்பில் சேர்த்து, வேகச் சோதனையை அழுத்துவேன். நாற்பது நொடி அவளுக்கு எல்லாம் சுத்தமாகக் கேட்கும். “ஆங், இதான், இப்ப வந்துச்சு பாருங்க” என்பாள், குரலில் அப்படி ஒரு சந்தோஷம். முள் இறங்கும். மறுபடி அழுத்துவேன். சில நாள் தொடர்ந்து ஏழெட்டுத் தடவை. கால் வலித்தால் செருப்பு அடுக்கும் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு அழுத்துவேன். பிராயச்சித்தம் என்று நினைத்தேன். ஒவ்வொரு அழுத்தலும் மாத அறிக்கையில் ஒரு திருப்தியடைந்த வாடிக்கையாளராகச் சேர்ந்தது என்பது உண்மைதான்; அதை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை.

அவள் நோட்டில் குழப்பம் கூடியது. முதலில் வக்கீல் மட்டும். பிறகு மற்ற பத்துப் பேரும் அதே மாதிரி. ஒரு நாள் என் எதிரில் உட்கார்ந்து, கணக்குப் போடுகிறவள் மாதிரி விரல் மடக்கிச் சொன்னாள்.

“பதினோரு பேருக்கும் ஒரே நேரத்துல திக்கல் அதிகமாகாதுங்க. ஒண்ணு லைன் சரியில்ல. இல்லன்னா என் காது சரியில்ல. லைனை அளந்தாச்சு.”

பிறகு என்னைப் பார்த்தாள். நான் குழம்பை ஊற்றிக்கொண்டேன். காதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம், தப்பில்லை என்றேன்.

காது மருத்துவரிடம் நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். பரீட்சை எழுதுகிற குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, கையை உயர்த்தி உயர்த்தி இறக்கினாள். வயதுக்கு ஏற்ற சின்னக் குறைவு, காதுக் கருவி அவசியமில்லை, வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். நான் ‘வேண்டுமென்றால்’ என்பதைப் பிடித்துக்கொண்டேன். அந்த வருடத் திருமண நாள் பரிசு அதுதான், நல்ல வகையாகப் பார்த்து வாங்கினேன். அந்தக் கருவிக்கு ஒரு பழக்கம்: ஏதாவது மிக அருகில் வந்தால் சன்னமாக விசில் அடிக்கும். அவள் பக்கத்தில் குனிந்து பேசப் போனால் அடிக்கும். நான் தள்ளி உட்காரப் பழகிக்கொண்டேன்.

கருவி வைத்த பிறகு உடைசல் இன்னும் தெளிவாகக் கேட்டது. இரண்டு மாதத்தில் அவள் பயிற்சியை மூடிவிட்டாள். பதினோரு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, தன் காது போய்விட்டது, உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள். பத்துப் பேர் வருத்தப்பட்டார்கள். வக்கீல் மட்டும் வருத்தப்படாமல் கேள்வி கேட்டார்.

“உங்க காது போச்சுங்கறதுக்கு சாட்சி யாரு மேடம்?”

அவள் வீட்டுப்பாடமாக ஒன்று கொடுத்திருந்தாள்: பயிற்சியின்போது உங்கள் குரலை உங்கள் ஃபோனிலேயே பதிவு செய்து பிறகு கேளுங்கள் என்று. அவர் செய்திருந்தார். ஆனால் கேட்கவில்லை; தன் குரலைக் கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. அவள் பக்கமும் பதிவுகள் இருந்தன. ஒரே நாளின் இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் கேட்டார்கள். அவருடையதில் திக்கல் இல்லை. அவளுடையதில் இருந்தது.

அதற்கு மேல் அவர் வக்கீல் புத்தி வேலை செய்தது. முதலில், வயர்லெஸ் வேண்டாம், கேபிளை நேராகக் கணினியில் செருகுங்கள் என்றார். அப்போதும் உடைந்தது. வீடியோவை ஓடவிட்டு, ஓடும்போதே சோதனையைப் போடச் சொன்னார். நாற்பது நொடி சுத்தம், பிறகு உடைசல். சோதனைக்கு மட்டும் வழிவிடும்படி நான் எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது. கடைசியாக விபிஎன், நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாமல் மூடி அனுப்பும் பாதை. ஒரே வீடியோ, ஒரே நேரம், ஒரு தடவை திறந்த பாதையில், ஒரு தடவை மூடிய பாதையில். வீடியோ என்று தெரிந்தால்தானே நாங்கள் பிடிப்போம். மூடிய பாதையில் எல்லாம் தண்ணீர் மாதிரி வந்தது. நான் அலுவலகத்தில் இருந்த பத்து நாளும் அவள் அளந்தாள். தேதி, நேரம், திறந்தது, மூடியது என்று நான்கு பத்தி. அந்த நோட்டுதான் இப்போது உங்கள் மேஜைமேல் இருக்கிறது.

பத்தாம் நாள் சாப்பாட்டு மேஜையில் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள். நான் படித்தேன். படிக்கும்போது அவள் காதிலிருந்து கருவியைக் கழற்றி உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எப்ப இருந்து உங்களுக்குத் தெரியும்?”

கருவி இல்லையே என்று, நான் வழக்கம்போலக் குரலை உயர்த்தி, இது நெரிசல் பராமரிப்பு, எல்லாக் கம்பெனியிலும் உண்டு என்று ஆரம்பித்தேன்.

“கத்தாதீங்க” என்றாள். “எனக்கு நல்லா கேக்குது.”

நோட்டை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள். மறுநாள் தன் அம்மா வீட்டுக்குப் போனாள்.

நோட்டைப் பார்த்த அன்றும்கூட நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் அளவில் நான் விதியை எழுதியவன், அவ்வளவுதான். என் வீட்டில் அது என்ன செய்கிறது என்று தெரியாதவன். போன வாரம் நீங்கள் எங்கள் கருவியின் பதிவுகளைக் கொண்டுவந்து விரித்தீர்கள். என் வீட்டு இணைப்பில், என் ஃபோனிலிருந்து, பதினான்கு மாதத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு வேகச் சோதனைகள். எல்லாம் சாயங்காலம். நான் செருப்புப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுத்தியது ஒன்றுவிடாமல் இருந்தது. தெரியாதவன் எதற்கு அழுத்துவான் என்று நீங்கள் கேட்கவில்லை. தாளை மட்டும் என் பக்கம் தள்ளினீர்கள். எண் பிறழாது என்று நான்தான் சொன்னேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குத் தெரியும். ஒரு மனிதரின் வாய் குணமானது தெரிந்தும், அது குணமாகவில்லை என்று அவர் நம்பும்படி விட்டேன். நல்ல காதுக்குக் கருவி மாட்டினேன். மூன்று பொத்தான் என்னிடம் இருந்தது. நேற்று அந்த வக்கீல் இதே அறையில் அரை மணி நேரம் பேசினார். இரண்டு இடத்தில் நின்றார், இரண்டும் தண்ணீர் குடிக்க. அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் என்ன முகத்தை வைத்திருப்பேன் என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் என் பக்கத்தில் இருக்கிறது, அம்மா. நான் யாரோ ஊரார் வீட்டில் கை வைக்கவில்லை. முதலில் என் வீட்டைத்தான் எழுதினேன். மற்றவர்கள் பட்ட கஷ்டத்தை நானும் அதே கூரையின் கீழ் பட்டேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். என் மாமியார் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வரியைக் கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள். ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் மகள் அறையில் தொடர் பார்ப்பதில்லை, என் அறைக்குத்தான் வருவார். “அங்க சுத்திக்கிட்டே நிக்குது மாப்பிள்ளை, உங்க ரூம்ல மட்டும் எப்படி இப்படி ஓடுது?” என்று கேட்பாராம். கேட்டிருக்கிறார். என் அறை ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னேன்.

அது அப்படி இல்லை. கேடயத்துக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. போட்டி நிறுவனத்தின் இணைப்பு. சாயங்கால ஆட்டங்கள் பார்ப்பதற்காக, விதி அமலுக்கு வருவதற்கு முந்தின வாரம் வாங்கினேன். மாமியார் பெயரில் இருக்கிறது.